நம் பெயரால்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருக்கிறது சுகர்லாந்து. டெக்சஸில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஊர்களில் ஒன்று. அங்கே டெல்ஃபேர் என்ற குடியிருப்பில் ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு டைனோசர் எலும்புக்கூட்டைக் காட்ட அழைத்துப் போகிறார்கள். 1939இல் எழும்பிய அந்தக் கட்டடம் முதலில் சிறை. கறுப்பினக் கைதிகளை அடைத்து வைக்கக் கட்டப்பட்டது. அதைச் சுற்றியுள்ள வீடுகளும் ஏரியும் நடைபாதைகளும் மத்திய சிறைப்பண்ணையின் நிலத்தில் வந்தவை. கைதிகள் உழுத மண்ணில்தான் இன்று நம் வீட்டு வாசல்களில் பொங்கல் கோலம் போடப்படுகிறது.

2018 பிப்ரவரியில் அந்த ஊரின் பள்ளி நிர்வாகம் ஒரு தொழிற்கல்விக் கூடம் கட்ட நிலத்தைத் தோண்டியது. மண்ணோடு ஒரு மனித எலும்பு வந்தது. வேலையை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்கள் இறங்கித் தேடினார்கள். 95 கல்லறைகள் கிடைத்தன. எந்தக் கல்லறைக்கும் பெயர்ப்பலகை இல்லை. தொண்ணூற்று நான்கு ஆண்கள், ஒரு பெண். மிக இளையவருக்குப் பதினான்கு வயது இருக்கலாம் என்றும், மூத்தவருக்கு எழுபது இருக்கலாம் என்றும் எலும்புகளைக் கொண்டு கணித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சாதாரண மரப்பெட்டியில் கிடந்தார்கள். சங்கிலித் துண்டுகளும் கிடைத்தன. தசை எலும்பைப் பற்றியிருக்கும் இடங்கள் மேடு தட்டிப்போகும் அளவுக்குக் கடும் உழைப்பு. வளரும் வயதில் வயிறார உண்ணாததன் தடம். இவற்றை அந்த எலும்புகளில் படிக்க முடிந்தது. 1878க்கும் 1911க்கும் இடையில் செத்தவர்கள். அவர்கள் அடிமைகளாக இருந்து சாகவில்லை. அடிமைமுறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. அவர்கள் கைதிகள்.

அந்த மண்ணுக்குள் ஆட்கள் கிடக்கிறார்கள் என்று ரெஜினால்ட் மூர் என்பவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டெக்சஸ் சிறைத்துறையில் காவலராக வேலை பார்த்தவர். ஓய்வு நேரமெல்லாம் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, பழைய வரைபடங்களை வைத்து, இங்கே தோண்டாதீர்கள், முதலில் தேடுங்கள் என்று அதிகாரிகளிடம் மன்றாடியவர். அவர் சொன்னதுதான் நடந்தது. எலும்புகளை வேறு இடத்துக்கு மாற்றும் யோசனை எழுந்தபோது, புதைந்த இடத்திலேயே அவர்கள் இருக்கட்டும் என்று போராடியவர்களில் அவரும் ஒருவர். 2019 நவம்பரில் 95 பேரும் அதே நிலத்தில் மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மூர் காலமானார். பெயர் தெரியாத கைதிகளுக்காக ஒரு சிறைக்காவலர் தன் கடைசிக் காலத்தைச் செலவிட்டார் என்பதைவிட மேலான செய்தி ஒன்றை இந்த நாட்டின் சிறை வரலாற்றில் நான் படித்ததில்லை.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஒழித்த அதே வாக்கியத்தில் ஒரு விலக்கையும் வைத்தது. குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை மட்டும் கட்டாய வேலை வாங்கலாம். பஞ்சும் கரும்பும் கறுப்பு உழைப்பில் நின்ற தென்மாநிலங்களுக்கு அந்த விலக்கு போதுமானதாக இருந்தது. வேலையில்லாமல் திரிந்தால் குற்றம். சில்லறைத் திருட்டுக்கு வருடக்கணக்கில் தண்டனை. இப்படி நிரம்பிய சிறைகளை அரசு குத்தகைக்கு விட்டது. 1878இல் டெக்சஸ் மாநிலத்துக் கைதிகள் மொத்தமும் எட்வர்ட் கன்னிங்ஹாம், எல்.ஏ. எல்லிஸ் என்ற இரண்டு கரும்புத் தோட்ட முதலாளிகளின் குத்தகைக்குப் போனார்கள். சேறும் கொசுவும் நிறைந்த பிரேசோஸ் ஆற்றங்கரையில் கரும்பு வெட்டினார்கள். விலை கொடுத்து வாங்கிய அடிமை செத்தால் முதலாளிக்கு நட்டம். குத்தகைக் கைதி செத்தால் அந்த நட்டம்கூட இல்லை. அரசு இன்னொருவரை அனுப்பும். தண்டனை என்ற பெயர் வந்ததும் மனித உயிருக்கு முன்பிருந்ததைவிடவும் மதிப்புக் குறைந்துபோனது.

இந்தக் கரும்புக் கதை தமிழருக்கு அந்நியமானதா? பிரிட்டிஷ் பேரரசு 1834இல் அடிமைமுறையை ஒழித்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. மொரிஷியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், பிறகு பிஜிக்கும் சென்னைத் துறைமுகம் வழியாக நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி என்று பெயர். வேலைக்கு வராவிட்டால் அபராதம், தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறை. கூலித் தகராறாக இருக்கவேண்டியது அங்கே குற்ற வழக்கானது. பிஜியின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் விட்டுப் பாடியதை நாம் பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். சர்க்கரைக்கான ஒரே பசி உலகத்தில் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தது. ஒன்று ஒப்பந்தம், இன்னொன்று தீர்ப்பு. தஞ்சாவூர்க்காரர் முதல் வழியில் போனார், டெக்சஸின் கறுப்பினத்தவர் இரண்டாவது வழியில் போனார். பாரதியின் கண்ணீரைச் சொந்தம் கொண்டாடும் நாம், சுகர்லாந்தின் 95 பேரை யாரோ என்று கடந்துபோக நியாயம் இல்லை.

குற்றம் செய்தவரைப் பல வருடம் ஓரிடத்தில் பூட்டி வைப்பதுதான் தண்டனை என்ற எண்ணம் நமக்கு இயல்பாக இருக்கிறது. மனித வரலாற்றில் அது புதியது. பழைய உலகத்தில் சிறை பெரும்பாலும் காத்திருக்கும் இடம். விசாரணைக்கோ, தண்டம் கட்டுவதற்கோ, கொலைக்களத்துக்கோ காத்திருப்பார்கள். போரில் பிடிபட்ட அரசன் கிடப்பான். குடவாயில் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டுக் காத்திருந்து, மானம் பெரிதென்று குடிக்காமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையைத் தமிழ் மறக்கவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வேறு வகைத் தண்டனை ஒன்றைப் பார்க்கிறோம். வேட்டைக்குப் போனவன் விலங்கு என்று நினைத்து அம்பு விட, ஒரு மனிதன் மாண்டுபோகிறான். ஊராரும் நாட்டாரும் கூடி விசாரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததல்ல என்று தெரிகிறது. இறந்தவன் பேரில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்று தீர்ப்பாகிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டுவார்கள். ஆட்டு மந்தை தலைமுறைக்கும் பெருகும், நெய் வரும், விளக்கு எரியும். கொன்றவன் ஊரிலேயே இருப்பான். செத்தவன் பெயர் அணையாமல் இருக்கும்.

இதைச் சொல்லிப் பொற்காலம் பாட நான் வரவில்லை. அதே காலத்தில் கழுமரம் இருந்தது. ஆணையை மீறியவரை யானைக்காலில் இட்டார்கள். ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை என்று நீதி நூல்கள் எழுதி வைத்தன. விளக்கு வைத்துத் தப்பிக்க முடிந்தவனுக்கு ஆடு இருந்தது. ஆடில்லாதவன் என்ன ஆனான் என்று கல்வெட்டு சொல்வதில்லை. என்றாலும் அந்த விளக்கில் ஒரு பாடம் இருக்கிறது. கெட்டுப்போனதைச் சரிசெய்ய என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியோடு அந்தத் தீர்ப்பு தொடங்கியது. எத்தனை வருடம் உள்ளே போடலாம் என்ற கேள்வி அப்போது பிறந்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி பிறந்த ஊர்களில் ஒன்று பிலடெல்பியா. நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு அடுத்த ஊர். அங்கே வாழ்ந்த குவேக்கர்கள் கருணை உள்ளவர்கள். சாட்டையடியும் தூக்கும் மனிதனைத் திருத்தாது என்று மனதார நம்பினார்கள். தனிமையில் விட்டால் மனசாட்சி விழிக்கும், கடவுளை நினைப்பான், திருந்துவான் என்று கருதினார்கள். 1829இல் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை திறந்தது. கட்டடக் கலைஞர் ஜான் ஹேவிலண்ட். நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து விரல்கள் மாதிரி நீளும் கொட்டடி வரிசைகள். ஒவ்வொரு கொட்டடிக்கும் கூரையில் வானம் தெரிய ஒரு சின்னத் திறப்பு, பின்னால் தனியாக ஒரு குட்டி முற்றம். கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடாது. வெளியே நடத்திக் கூட்டிப்போகும்போது தலையில் முகமூடித் துணி போடுவார்கள். பேச்சு கிடையாது. பைபிள் உண்டு. 1836இல் அதே ஹேவிலண்ட் நியூ ஜெர்சியின் ட்ரெண்டனில் கட்டிய சிறை இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் பிலடெல்பியா சிறையைப் பார்த்தார். உடம்பில் படும் எந்த வதையையும்விட, மூளையின் மேல் நாள்தோறும் மெல்ல மெல்ல நடத்தப்படும் இந்த வதை கொடியது என்று எழுதினார். கட்டியவர்களின் நல்லெண்ணத்தை அவர் சந்தேகிக்கவில்லை. தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்றார். அந்த வடிவம் உலகமெல்லாம் போனது. அந்தமானில் ஏழு கிளைகளாக விரிந்து 1906இல் முடிந்த செல்லுலார் ஜெயில் அந்த வம்சத்தில் வந்தது. தனிமையோடு உழைப்பும் சேர்ந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்தார்கள். மாடு இழுக்கும் செக்கை வக்கீல் படிப்பு படித்த மனிதர் இழுத்தார். அதில் அரைபட்ட எண்ணெய் அரசுக்குத் தேவையாக இருந்திருக்காது. அவர் தலை குனிவதுதான் தேவைப்பட்டது.

குவேக்கர்களின் தோல்வியை ஒப்புக்கொள்ள இந்த நாட்டுக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகியிருக்கிறது. ஒரு மனிதனைத் தொடர்ந்து 20 நாளுக்கு மேல் தனிக்கொட்டடியில் வைக்கக்கூடாது என்று நியூ ஜெர்சி 2019இல் சட்டம் செய்தது. 15 நாளுக்கு மேல் போனாலே அது வதை என்று ஐக்கிய நாடுகள் சபையின் மண்டேலா விதிகள் 2015இல் சொல்லிவிட்டன. நியூ ஜெர்சியைப் பற்றி நல்லதாகச் சொல்ல இன்னும் இருக்கிறது. மரண தண்டனையை 2007இல் அந்த மாநிலம் ஒழித்தது. 2017 முதல் பணம் கட்டினால்தான் ஜாமீன் என்ற வழக்கத்தையும் அநேகமாகக் கைவிட்டது. விசாரணைக்கு முன்பே உள்ளே கிடந்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. குற்றம் பெருகிவிடும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னது நடக்கவில்லை. கையில் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக மனிதர்களை அடைத்து வைக்கவேண்டிய அவசியம் எந்த நாட்டுக்கும் இல்லை என்பதற்கு இது கண்முன் இருக்கும் சாட்சி. நம் நாட்டுக்கு இது மிகவும் தேவைப்படும் சாட்சி. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அமெரிக்காவிலோ மக்கள்தொகை இந்தியாவினதில் கால்பங்குக்கும் குறைவு. கைதிகள் ஏறத்தாழ பத்தொன்பது லட்சம். ஒரு நாடு விசாரிக்காமல் அடைக்கிறது, இன்னொரு நாடு விசாரித்து அடைத்து மாளவில்லை.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லார்க்ஸ்பர் போகும் படகு, கரையோரம் நிற்கும் சான் குவென்டின் சிறையைத் தாண்டித்தான் போகிறது. கலிபோர்னியாவின் மிகப் பழைய சிறை. 1852இல் ஒரு கப்பலில் வைத்திருந்த கைதிகளைக் கொண்டே கட்டியது. நாட்டிலேயே மிகப் பெரிய மரண தண்டனைக் கொட்டடி இங்கேதான் இருந்தது. 2019இல் ஆளுநர் மரண தண்டனைகளை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தார், நச்சு வாயு அறையைப் பிரித்துப் போட்டார்கள். 2023இல் அதன் பெயரை மறுவாழ்வு மையம் என்று மாற்றினார்கள். இடையில் 2020 வந்தது. வேறொரு சிறையிலிருந்து கைதிகளைச் சரியாகப் பரிசோதிக்காமல் இங்கே மாற்ற, கொரோனா புகுந்து 28 கைதிகள் செத்துப்போனார்கள். எந்த நீதிபதியும் அவர்களுக்கு அந்தச் சாவைத் தீர்ப்பாக எழுதவில்லை.

அதே விரிகுடாவில் இருக்கிறது அல்கட்ராஸ். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாம் டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போகும் தீவு. 1895இல் 19 ஹோப்பிப் பழங்குடி ஆண்களைக் கொண்டுவந்து அங்கே அடைத்தார்கள். பிள்ளைகளை அரசின் உறைவிடப் பள்ளிக்குப் பறிகொடுக்க மாட்டோம், எங்கள் நிலத்தை உங்கள் கணக்குப்படி துண்டு போட விடமாட்டோம் என்று நின்றதுதான் அவர்கள் செய்த குற்றம். 1917, 1918இல் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் கதர் கட்சியின் இந்தியர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். இந்தியா விடுதலை பெற ஆயுதமும் பணமும் திரட்டியது அவர்கள் குற்றம். இன்று அந்தத் தந்தையரையும் கதர் வீரர்களையும் குற்றவாளி என்று சொல்ல யாருக்கும் நா எழாது. தண்டித்த நாளில் சட்டம் முழுமனதோடு தான் செய்வது நியாயம் என்று நம்பியது. இன்று நாம் முழுமனதோடு நியாயம் என்று நம்பும் எந்தத் தண்டனையைப் பார்த்து நம் பேரப்பிள்ளைகள் கூசப்போகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஆனாலும் கொலை நடக்கிறது, வன்புணர்வு நடக்கிறது. மகளை இழந்த தாயிடம் போய்த் தண்டனையே வேண்டாம் என்று பேச எனக்கு உரிமை இல்லை, பேசவும் மாட்டேன். பிறர் உயிருக்கு ஆபத்தானவரைப் பிரித்து வைக்கத்தான் வேண்டும். அந்தத் தாய்க்கு உண்மை தெரியவேண்டும், செய்தவன் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், இனி இன்னொரு வீட்டில் இது நடக்கக்கூடாது. இந்த மூன்றில் எதை இன்றைய சிறை தருகிறது? இந்த நாட்டில் குற்றத்தீர்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் விசாரணையே இல்லாமல் பேரத்தில் முடிகின்றன. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம், வழக்காடித் தோற்றால் இருபது என்று அரசு வழக்கறிஞர் கணக்குச் சொல்ல, குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். உண்மை வெளியே வருவதில்லை. திருக்குறள் அரசனுக்குச் சொன்ன முதல் கடமை தக்கபடி நாடி ஆராய்வது. தண்டிப்பது அதற்கு அடுத்தது. ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, விழும்போது மென்மையாக விழவேண்டும் என்றும் வள்ளுவர் சொன்னார். ஆராயாமல் ஓங்கி, ஓங்கிய வேகத்தில் அடிப்பது இன்றைய நடைமுறை.

சிறையும் தண்டிக்கும் மனமும் பற்றித் தமிழில் ஒரு பேரிலக்கியச் சாட்சி உண்டு. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்று பெயர். அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைக்குள் போகிறாள் மணிமேகலை. பசித்த கைதிகளுக்குச் சோறு போடுகிறாள். செய்தி அறிந்த சோழன் அவளை அழைத்து, உனக்கு நான் செய்யக்கூடியது என்ன என்று கேட்கிறான். அவள் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. சிறையை இடித்து, அறம் செய்பவர்கள் வாழும் இடமாக்கித் தரச்சொல்கிறாள். அவனும் செய்கிறான். இதைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மேலே படிக்கவேண்டும். இருபத்திரண்டாம் காதை சிறைசெய் காதை. தன் மகன் உதயகுமரன் கொலையுண்டதும் அதே அரசன் அதே மணிமேகலையைக் காவலில் வைக்கிறான். மணிமேகலையைப் பாடிய சாத்தனாருக்கு மனித மனம் தெரிந்திருந்தது. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் அறம் பேசுவது எளிது. தன் வீட்டில் விழுந்தால் அரசனுக்கும் சிறைதான் முதலில் நினைவுக்கு வரும். சிறையை ஒரு நாள் இடித்துவிடலாம். தண்டிக்கத் துடிக்கும் மனத்தை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்ப அடக்கிக்கொண்டுதான் வாழவேண்டும்.

பதின்மூன்றாம் திருத்தத்தின் அந்த விலக்கு இன்றும் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. டெக்சஸ் சிறைகளில் கைதிகள் வயலிலும் சமையலறையிலும் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது. பெரும்பாலான கொட்டடிகளுக்கு டெக்சஸ் வெயிலில் ஏ.சி.யும் கிடையாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் தீயணைக்கப் போனார்கள். அப்போது அவர்களுடைய அன்றாடக் கூலி 5.80 டாலரிலிருந்து 10.24 டாலர் வரை இருந்தது. அவசரகாலப் பணிக்கு மணிக்கு ஒரு டாலர் கூடுதல். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 நவம்பரில், சிறையில் கட்டாய வேலை வாங்குவதைத் தடைசெய்யும் ஆறாம் பிரேரணை கலிபோர்னியாவில் வாக்குக்கு வந்து தோற்றது. விரிகுடாப் பகுதியில் குடியுரிமை பெற்ற தமிழர்கள் கையிலும் அந்த வாக்குச்சீட்டு இருந்தது. எத்தனை வீடுகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினோம்?

இந்த நாட்டில் நாம் ஒழுங்காக வாழ்கிறோம். வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். ஜெயில் என்பது வேறு யாருக்கோ என்று நம்புகிறோம். கலிபோர்னியாவில் குற்ற வழக்கு ஒவ்வொன்றும் மக்கள் எதிர் இன்னார் என்றுதான் பதிவாகிறது. அந்த மக்களில் நாமும் சேர்த்தி. அங்கே நிற்கும் அரசு வழக்கறிஞர் நம் பெயரால் பேசுகிறார், நீதிபதி நம் பெயரால் எழுதுகிறார். டெக்சஸில் நீதிபதியையும் அரசு வழக்கறிஞரையும் ஷெரிப்பையும் வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குச்சீட்டின் அடியில் இருக்கும் அந்தப் பெயர்களை நம்மில் பலர் படிக்காமலேயே விட்டுவிடுகிறோம்.

சுகர்லாந்தின் 95 பேருக்கும் யாரோ ஒரு நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களைப் போன்றவர்கள் ஜூரியில் உட்காராமல் அன்று பார்த்துக்கொண்டார்கள். இன்று நம் வீட்டுத் தபால் பெட்டிக்கு ஜூரி அழைப்பு வருகிறது. அதைக் கண்டதும் ஆபீஸ் டெட்லைனையும் குழந்தையின் பரீட்சையையும் காரணம் காட்டித் தப்பிக்கும் வழிதான் முதலில் தேடுகிறோம். வாட்ஸ்அப் குழுக்களில் அதற்கு யோசனையும் பரிமாறிக்கொள்கிறோம். இனி அப்படிச் செய்யவேண்டாம். அடுத்த முறை அந்தக் கடிதம் வந்தால் லீவு போட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். அரசு சொல்வதை அப்படியே நம்பாமல் சாட்சியைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் இருக்கிறது என்று மற்ற பதினொரு பேர் முன்னால் வாய்திறந்து சொல்லுங்கள்.